கோழிக்கூண்டு தட்டிச் சுவருக்கு மண் பூச்சு பூசுறது எப்படி

கூரை போட்டாச்சு, மூங்கில் பிளாச்சுல தட்டி பின்னியாச்சு, அடியில ஒரு அடிக்கு கருங்கல் வச்சாச்சு, இதுக்கு மேல ஆகுற வேலையத்தான் இங்க எழுதுறேன். கூரை மட்டும் சுவரை விட்டு ஒன்றரை அடியாவது வெளிய நீட்டிட்டு இருக்கணும், இல்லேன்னா ஐப்பசி மழைக்கு எந்த மண் பூச்சும் தாங்காது.

முதல்ல மண்ணு. மேல்மண்ணுல வேரும் மக்குமா கிடக்கும், அதை ஒதுக்கிட்டு கீழ தோண்டி செம்மண் எடுங்க. கரிசல் வேண்டாம், நனைஞ்சா உப்பும் காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். சலிச்ச மண்ணை ஒரு பாட்டில்ல பாதி போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வச்சுருங்க. மணல் உடனே அடியில உக்காந்துரும், அதுக்கு மேல வண்டல், களிமண் படியறதுக்கு மறுநாள் ஆகும். நம்ம மண்ணுல களி எவ்வளவு இருக்குன்னு இதுல குத்துமதிப்பா தெரிஞ்சுரும்.

இப்ப சொல்றதை யாரும் தாண்டிப் போகாதீங்க. முழுச் சுவருக்கும் கலக்குறதுக்கு முன்னாடி சாம்பிள் பூசிப் பாக்கணும். ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ரெண்டு பங்கு, மூணு பங்குன்னு தனித்தனியா கலந்து, அதே தட்டியில ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமா பூசி, எது எந்தக் கலவைன்னு குச்சியால கோடு கிழிச்சு வைங்க. நல்லா காயட்டும், மேல காஞ்சு உள்ள ஈரமா இருக்கும்போது முடிவு பண்ணாதீங்க. விரிசல் விட்டா களி ஜாஸ்தி, மணல் சேக்கணும். உள்ளங்கையால தேய்ச்சா மாவா உதிருதா, மணல் ஜாஸ்தி. விரிசலும் இல்லாம உதிராமலும் இருக்கிறதுதான் உங்க கலவை. பக்கத்து ஊர்க்காரர் சொன்ன கணக்கு அவர் மண்ணுக்குத்தான் சரி, உங்க மண்ணுக்கு நீங்கதான் பாக்கணும்.

மணல்ல என் ஓட்டு பி-சாண்டுக்குத்தான் (பூச்சு வேலைக்குன்னே கல்லை உடைச்சு நைசா சலிச்ச மணல்), கட்டு வேலைக்கு வர்ற எம்-சாண்ட் மேல்பூச்சுக்கு முரடா இருக்கும். கலவை முடிவானதும் ரெண்டு இஞ்சுக்கு வெட்டுன வைக்கோல், கொஞ்சம் பசுஞ்சாணி போட்டு காலால மிதிச்சு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில திரும்ப மிதிச்சா சப்பாத்தி மாவை விட கொஞ்சம் தளர்வா, கையில எடுத்தா ஒழுகாம நிக்கிற பதத்துக்கு வந்துரும்.

முதல் பூச்சுக்கு கரண்டி எதுக்கு, கைதான் நல்லது. தட்டி மேல தண்ணி தெளிச்சுட்டு மண்ணை உருட்டி அழுத்தி, பிளாச்சு சந்துக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் பிதுங்குற அளவுக்கு அப்புங்க, அப்பத்தான் பிடிப்பு. ஈரமா இருக்கும்போதே சீப்பு மாதிரி கீறி விட்டுருங்க. காஞ்சதுக்கப்புறம் திரும்ப தண்ணி தெளிச்சு, நைசா சலிச்ச கலவையை அரை இஞ்சுக்குள்ள ரெண்டாவது பூச்சா பூசி மணியாஸ் கட்டையால (பூச்சைத் தேய்ச்சு சமமாக்குற கைப்பிடி வச்ச பலகை) தேய்ங்க. சித்திரை வெயில்ல பூசுனா மேல மட்டும் வேகமா காஞ்சு வெடிக்கும், ஈரச் சாக்கு தொங்க விடுங்க. தை, மாசி இந்த வேலைக்கு அருமையான மாசம்.

அப்புறம் பலபேர் கேட்டது

சுவர்ல பச்சையா முளைக்குதேன்னா, அது வைக்கோல்ல ஒட்டியிருந்த நெல்லு. பிடுங்கி விட்டுட்டு அந்த இடத்தை ஈரக்கையால தடவிருங்க. ஆனா அதே நெல்லுக்காக கோழி சுவரைக் கொத்தும், அதனால வைக்கோலை நல்லா உதறிட்டு வெட்டுங்க.

மண்ணு மேல சிமெண்ட் பூசலாமான்னா, வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேற முடியாம உள்ளயே நின்னு சிமெண்ட் பட்டை பட்டையா கழண்டு வரும். சுண்ணாம்பு அடிங்க, இல்ல சாணி மெழுகுங்க, மழைக்காலம் முடிஞ்சதும் கரைஞ்ச இடத்துல மட்டும் அதே மண்ணை வச்சு ஒட்டிக்கலாம்.

தட்டிக்குப் பதிலா ஹாலோ பிளாக் சுவரா இருந்தா, தட்டியில பிடிக்கிற மாதிரி மண்ணு பிடிக்காது. நல்லா கொத்தி விட்டு, கோழி வலையை ஆணி அடிச்சு இழுத்துக் கட்டிட்டு அதுக்கு மேல பூசுங்க.