சாரணர் படைக்குக் கடினமான மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஒரு மலைப்பாதை எவ்வளவு கடினம் என்பதைக் கிலோமீட்டர் கணக்கு சொல்லாது. சமவெளியில் 12 கிலோமீட்டரை மதியத்துக்குள் நடந்து முடிக்கும் பிள்ளைகள், அதே தூரத்தில் 900 மீட்டர் ஏற்றமும் முதுகில் ஏழு கிலோ பையும் சேர்ந்தால் முக்கால் நாள் நடப்பார்கள். ஆகவே வழி தேடத் தொடங்கும்போதே ஒவ்வொரு நாளுக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த ஏற்றம், ஒரு தண்ணீர் இடத்திலிருந்து அடுத்ததற்கு ஆகும் நேரம், பாதையின் எந்த இடத்திலிருந்தும் வண்டிச் சாலைக்கு இறங்க ஆகும் நேரம். மூன்றாவது எண் மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், எவ்வளவு அழகான பாதையாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். 108 ஆம்புலன்ஸ் சாலை வரைதான் வரும். கால் முறிந்த ஒரு சிறுவனை எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கினாலும், கரடுமுரடான இறக்கத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்வதே பெரிது.

ஏற்றத்தை அளக்க இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும். அதில் 2 செ.மீ. என்பது ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். பாதையின் மேல் ஒரு நூலை வளைவுக்கு வளைவு படியவைத்து, பிறகு நூலை நீட்டி அளந்து பாருங்கள். அளவுகோலை நேராக வைத்து அளந்தால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் காணாமல் போய், தூரம் மிகவும் குறைவாக வரும். ஏறும்போது கடக்கும் கோடுகளை மட்டும் எண்ணி 20-ஆல் பெருக்கினால் ஏற்றம் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் பத்துக் கோடுகளுக்கு மேல் நெருங்கி நின்றால், பையோடு ஏறும் பிள்ளைகளுக்கு அது செங்குத்துதான்.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அவர் சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தார்; பை சுமக்கும் பிள்ளைகளுக்கு மூன்று என்று வையுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் சேருங்கள். செங்குத்தான இறக்கத்துக்கும் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூடும். மேலே சொன்ன 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றப் பாதையில் நடைக்கு 4 மணி, ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, மணிக்குப் பத்து நிமிட ஓய்வாக இன்னொரு மணி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி: மொத்தம் ஏழேகால். காலை 7-க்குப் புறப்பட்டால் மதியம் 2.15-க்கு முகாம். எல்லோரும் 3 மணிக்குள் பையை இறக்கிவிடும்படி கணக்கு வர வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்றாலும், பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கும். யானை நடமாட்டமும் அந்த நேரத்தில்தான் கூடும்.

இந்தக் கணக்கு உங்கள் படைக்குப் பொருந்துமா என்பதைப் படிக்கட்டு உள்ள மலைக்கோயிலில் சோதிக்கலாம். சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படிகள், 200 மீட்டருக்கு மேல் ஏற்றம். நடைத் தூரத்தையும் சேர்த்தால் கணக்குப்படி முப்பத்தைந்து நிமிடம் வரும். ஆறு கிலோ பையோடு எல்லோரும் ஏறட்டும். கடைசியாக வரும் பிள்ளையின் நேரத்தை மட்டும் குறியுங்கள். அவன் ஐம்பது நிமிடம் எடுத்தால், பயணத்தின் எல்லா நேரங்களையும் ஒன்றரையால் பெருக்குங்கள். படையின் சராசரி வேகத்தை வைத்துத் திட்டமிட்டால் பாதிப் பேர் முன்னே போய்விடுவார்கள், பின்தங்கியவன் ஓய்வே இல்லாமல் நடந்து வருவான். வழி தவறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். (வெறுங்காலில் ஏறும் இடம் என்பதால் ஷூவைச் சோதிக்க இது உதவாது. அதற்குத் தனியாக இரண்டு நாள், எட்டு எட்டுக் கிலோமீட்டராவது நடக்க வேண்டும்.)

பாதையின் நீளத்தை உண்மையில் முடிவு செய்வது சுமைதான். பள்ளிப் பைக்கே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை வரம்பு வைத்திருக்கிறது. மலைக்கு 15 சதவீதம் நல்லது. 20-ஐத் தாண்டவே கூடாது. 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது எட்டுக் கிலோ. காலிப் பை 1.2, தூக்கப் பை 1.2, உடுப்பு 1.2, மழைக்கோட்டு 0.4, தட்டு டம்ளர் டார்ச் 0.3, தண்ணீர் 2, ஒரு நாள் உணவு 0.6, கூடாரத்தில் அவன் பங்கு 1 என்று கூட்டினால் 7.9 வந்துவிடுகிறது. இரண்டாம் நாள் உணவுக்கு இடமே இல்லை! எனவே பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் அணிக்கு, இரண்டாம் நாள் காலையில் அரிசி பருப்பு வாங்க ஓர் ஊர் வரும் பாதையைத் தேடுங்கள். பதினாறு வயதினர் மட்டும் போனால் இன்னொரு நாள் கூட்டலாம்.

தண்ணீர் விஷயத்தில் வரைபடத்தை நம்பாதீர்கள். நீலக் கோடு போட்டிருக்கும் ஓடை மார்ச்சில் வெறும் பாறையாகக் கிடக்கும். எந்த ஊற்று எந்த மாதம் வரை ஓடும் என்பதை மாடு மேய்ப்பவர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் கேளுங்கள். நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆளுக்கு அரை லிட்டர்; வெயிலில் இன்னும் கூடும். இரண்டு லிட்டர் பாட்டிலோடு போகும் பிள்ளைக்கு நான்கு மணி நேரத்துக்குள் அடுத்த தண்ணீர் வந்தாக வேண்டும். அள்ளிய நீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம்.

மாதம் தவறினால் நல்ல பாதையும் ஆபத்தாகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஏறி ஓட முடியாது. பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை வரை புல்மேட்டுப் பாதைகளை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குச் சரிவும் வழுக்கும். மேலே பெய்த மழையில் ஓடைகள் சொல்லாமல் பெருகும். தமிழ்நாட்டு மலைகளுக்குப் பொங்கல் விடுமுறையை ஒட்டிய மூன்று நான்கு வாரங்களே எங்கள் தேர்வு: ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் முழுதாகக் காய்ந்திருக்காது.

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையை இந்த அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். இறக்கம் சுமார் 1,600 மீட்டர். கீழிருந்து ஏறினால் உயரத்துக்கு மட்டுமே 2 மணி 40 நிமிடம் கூடும். முதல் முறை போகும் படை மேலிருந்து இறங்கட்டும். ஆனால் இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். முழங்காலும் கால் விரல் நகமும் இங்கேதான் அடிபடும். நகத்தை ஒட்ட வெட்டி, ஷூ நாடாவைக் கணுக்கால் அருகே இறுக்கச் சொல்லுங்கள். நடுவே வெள்ளகவி என்ற ஊர் இருப்பது பெரிய பலம். ஊர் எல்லைக்குள் செருப்பு அணிவதில்லை என்ற வழக்கத்தைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கடைசியில் கும்பக்கரை ஓடை. முந்தின நாள் மலையில் மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் எந்தப் பாதைக்கும் மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். கடிதத்தில் வழி, தேதி, ஆட்களின் பெயர், இரவு தங்கும் இடம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காட்டுக்குள் முகாமிட அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஊரிலோ பள்ளியிலோ தங்கும்படி பாதையை மாற்றுங்கள். வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகள் எளிது, மிதம், கடினம் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன; வயது விதிகளை முன்பதிவுக்கு முன் பாருங்கள்.

ஒரு மாதம் முன்பு சாரண ஆசிரியரும் இன்னொரு பெரியவரும் முழுப் பாதையையும் அனுமதியோடு நடந்து பார்த்துவிட வேண்டும். எந்த மேட்டில் செல்போன் சிக்னல் கிடைக்கிறது, எந்தக் கிளைப்பாதை ஏமாற்றுகிறது, எந்த இடத்திலிருந்து எந்தச் சாலைக்கு இறங்கலாம் என்று எழுதுங்கள். திரும்பும் நேரத்தையும் அதில் போடுங்கள்: உதாரணமாக, 11 மணிக்குள் இரண்டாவது ஓடையைத் தாண்டவில்லை என்றால் வந்த வழியே திரும்புவது. அந்தத் தாளின் நகல் ஊரில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். மாலை 5 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் முதலில் எந்த வனச்சரக அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்பதும் எண்ணோடு அதிலேயே இருக்கட்டும்.