நெல்லைச் சீமையில் தனி வழிகாட்டியாகத் தொழில் தொடங்குவது எப்படி?

நட்சத்திர விடுதியில் தங்கித் தனிக் காரில் குடும்பமாக வந்து, நம் மரபை நிதானமாகப் பார்க்க விரும்பும் விருந்தினருக்கு வழிகாட்ட நினைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் காட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதைச் சார்ந்தே அமையும்.

முதற்படி அனுமதி. மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியில் நடத்தும் வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்து சான்றிதழ் பெறுங்கள். தொல்லியல் துறைச் சின்னங்களுக்கான அடையாள அட்டை பற்றி அந்தத் துறையின் அலுவலகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து, ஒரே ஓர் இடத்தை முழுமையாகப் படியுங்கள். திருச்செந்தூர் சாலையில் இருக்கும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். நாயக்கர் காலத்து மண்டபத்தில், நாகாஸ்திரம் ஏந்தி நிற்கும் கர்ணனையும், அரசகுமாரியைத் தோளில் சுமந்து செல்லும் குறவனையும், அன்னத்தின் மீதமர்ந்த ரதியையும் காலையிலும் மாலையிலுமாகப் பல நாள் சென்று பாருங்கள். எந்த வெளிச்சத்தில் எந்த முகம் துலங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள். விருந்தினரைத் தூணின் முன் நிறுத்தியதும் இரண்டு நிமிடம் எதுவும் பேசாதீர்கள். கர்ணனின் விரல் நகத்தை அவர்களாகவே கண்டு வியந்த பிறகு கதையைத் தொடங்கினால், அந்தக் கதை அவர்கள் மனத்தில் தங்கும்.

சொல்லும்போது தலபுராணத்தையும் வரலாற்றையும் கலக்காதீர்கள். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில், மழையிலிருந்து நெல்மணிகளை இறைவன் வேலியிட்டுக் காத்த கதையைப் புராணமென்றே சொல்லுங்கள்; ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் இத்தலத்தைப் பாடியதை வரலாறாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனி அழகு உண்டு. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லி எவ்வளவு கேட்டாலும் இணங்காதீர்கள். பல தலைமுறையாகத் தட்டித் தட்டியே அந்தக் கல் தேய்ந்திருக்கிறது.

நேரக் கணக்கில் நான் ஒருமுறை தவறினேன். வெளிநாட்டிலிருந்து வந்த முதிய தம்பதியரை நண்பகலில் அழைத்துச் சென்று, நடை சாத்திய கோயில் வாசலில் வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் சிவந்தது இன்றும் நினைவிருக்கிறது. மதியம் நடை சாத்தும் நேரத்தை முந்தைய நாளே விசாரித்து வையுங்கள். உடைக் கட்டுப்பாட்டையும், இந்து அல்லாதோர் எதுவரை செல்லலாம் என்பதையும் முதல் நாள் இரவே விருந்தினரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மதியப் பொழுதுக்குக் கோரைப்பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற பத்தமடை பொருத்தமானது. கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்திப் பாவில் கோத்து நெய்வதை, நெய்பவர் பக்கத்தில் தரையில் அமர்ந்து பார்க்க வையுங்கள். முன்கூட்டியே அவர்களின் இசைவைப் பெறுங்கள்; அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் பணம் கொடுங்கள். பாய் வாங்க விரும்பினால் விருந்தினரே பேசி வாங்கட்டும். உங்கள் ஊதியத்தை அரைநாள், முழுநாள் என முதலிலேயே பேசி முடித்துவிட்டால், கமிஷனுக்கு வேலையே இல்லை. பாயின் விலை முழுவதும் நெய்தவர் கையிலேயே சேரும்.