சுற்றுச்சூழல் வழக்கறிஞரை அமர்த்துமுன் கேட்க வேண்டியவை

பட்டறையோ உணவுத் தொழிற்கூடமோ நடத்துபவருக்குக் கழிவுநீர் தொடர்பாக அரசாங்க அமைப்பிடமிருந்து கடிதம் வந்தால், கடை வாடகை ஒப்பந்தம் எழுதித் தந்த வழக்கறிஞரையே பலர் முதலில் அழைக்கிறார்கள். நல்லவர்தான், ஆனால் சிங்கப்பூரில் இத்துறைக்குப் பழக்கம் தேவை. ஆலைக் கழிவுநீர் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்தால் அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பார்வைக்கு உரியது. அதே நீர் கால்வாயில் இறங்கினால் தேசியச் சுற்றுப்புற வாரியம் கேள்வி கேட்கும், சட்டமும் மாறும். ஆகவே முதல் சந்திப்பிலேயே கடிதத்தை நீட்டி, அதில் உள்ள சட்டப்பிரிவு எதைக் குற்றமாக்குகிறது, இத்தகைய வழக்கில் அவர் முன்பு யார் தரப்பில் நின்றார் என்று கேளுங்கள். அரசாங்கத் தரப்பில் பணியாற்றியவர் என்றால், என் கணிப்பில், அது கூடுதல் தகுதியே.

அமைப்பின் முடிவையே எதிர்க்க எண்ணினால் நாள்காட்டியைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோருவதற்கான அனுமதி விண்ணப்பத்தை, 2021ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, பொதுவாக முடிவு வெளியான 3 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் தனி மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருந்தால், அதை முதலில் முயன்றீர்களா என்றும் நீதிமன்றம் பார்க்கும். மறுஆய்வில் ஆராயப்படுவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதுதான். அது நியாயமாகத் தோன்றுகிறதா என்பது அன்று. இதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லாமல் வெற்றிக்கு உறுதி தருபவரைத் தவிர்த்துவிடலாம்.

கட்டண விவரத்தை எழுத்தில் பெறுங்கள். மாதிரி நீர் எடுத்துச் சோதிக்கும் நிபுணரின் செலவு அதில் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.