கஷ்ட காலத்தில் கர்த்தரை நம்புவதில் நாம் செய்யும் தவறுகள்

ஜெபக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள், துன்பத்தில் இருப்பவர்களைச் சந்திக்கும்போது, ஆரம்பத்தில் நாங்கள் பேசிய அதே வார்த்தைகளைத்தான் பேசுகிறார்கள். வேதம் வாசியுங்கள், ஜெபத்தை விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

உணர்வை வைத்து அளப்பது

ஜெபத்தில் கண்ணீர் வந்தால் அவர் பக்கத்தில் இருக்கிறார், மனம் வறண்டு கிடந்தால் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் முதலில் காட்டியது சுட்ட அடையும் தண்ணீரும்தான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். உங்களுக்கும் சில நாட்களில் அவ்வளவுதான் கிடைக்கும். அதுவும் அவர் கொடுத்ததே.

'விசுவாசம் போதவில்லை' என்பது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கணவர் நெடுநாளாகப் படுக்கையில் இருந்த ஒரு சகோதரியின் வீட்டில் ஜெபித்து முடித்ததும், எங்களோடு வந்த தம்பி, "விசுவாசத்தோடு கேட்டிருந்தால் இதற்குள் சுகம் கிடைச்சிருக்கும், அக்கா" என்றார். நல்ல பையன், வாஞ்சையோடுதான் சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வருவது நின்றுபோனது. நெடுநாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார்: "அவருக்குச் சுகமாகலைன்னாலும் தாங்கிக்குவேன். என்னாலதான் ஆகலைன்னு நினைச்சுக்கிட்டு முழங்கால் போட முடியலை."

ஆறுதலுக்காக ஓடிப்போக அவருக்கு இருந்த ஒரே இடத்தை நாம் அடைத்துவிட்டோம். அப்படிச் செய்ய வேதத்திலும் இடமில்லை. ஆதியாகமம் 39, "கர்த்தரோ யோசேப்போடே இருந்து" என்று சொல்லும்போது யோசேப்பு சிறையில் இருக்கிறார். அவரோடு சிறையிலிருந்த பார்வோனின் பானபாத்திரக்காரன் வெளியே போன பிறகும் அவருக்கு இரண்டு வருஷம் அங்கேதான். கூடவே இருந்தவர் உடனே கதவைத் திறக்கவில்லை. பவுல், தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; கிருபை கிடைத்தது, முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று நம்மில் யார் சொல்வோம்? பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு.

ஆகவே காரணம் தேடாதீர்கள். தேடினாலும் அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்லாதீர்கள்.

மருந்தை நிறுத்துவது

ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டவே வேண்டாம். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்.

வாக்குத்தத்தத்தை அவசரமாக நீட்டுவது

உங்களுக்குத் தீமையை அல்ல, சமாதானத்தையே நினைக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 நம் எல்லோருக்கும் மனப்பாடம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம்; அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதைச் சேர்த்து வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துப்போகாது. எத்தனை காலம் காத்திருந்தாலும் தாங்குகிற வார்த்தை அது என்று புரியும்.

புலம்பலை அடக்குவது

அழுகிறவரிடம் உடனே ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறோம். சங்கீதம் 88 கூப்பிடுதலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது; ஆனாலும் முழுக்க முழுக்க அவரை நோக்கிப் பேசுகிற ஜெபம். இயேசுவும் சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறினார். புலம்புகிறவர், கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதால்தான் புலம்புகிறார்.

அந்தச் சங்கீதத்தை அழுகிறவரோடு சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். முடித்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். அப்புறம், அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.