இங்கிலாந்து சிக்ஸ்த் ஃபார்ம்ல சோசியாலஜி, சைக்காலஜி எடுக்கப் போறீங்களா? இப்படிப் படிங்க

பத்தாவது வரைக்கும் திருச்சில படிச்சிட்டு, அப்பா வேலைக்காக லண்டன் வந்து நேரா இயர் 12ல, அதாவது நம்ம ஊரு பதினொண்ணாவது மாதிரி இருக்கிற சிக்ஸ்த் ஃபார்மோட முதல் வருஷத்துல சேர்ந்தவ நான். ஏ லெவல்ங்கிற இந்த ரெண்டு வருஷப் படிப்புக்கு எடுத்தது சோசியாலஜி (சமூகவியல்), சைக்காலஜி (உளவியல்), எகனாமிக்ஸ். இப்போ எங்க ஏரியாக்கு புதுசா வர்ற நம்ம பிள்ளைங்க, அவங்க அம்மா அப்பா எல்லாரும் இதையெல்லாம் எப்படிப் படிக்கிறதுன்னு திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அதான் எனக்குத் தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்ல ஊர்ல படிச்ச முறைய மாத்தணும். அங்க சோசியல் சயின்ஸ்னா வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல், பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்விய நல்லா உருப்போட்டு அப்படியே எழுதினா முழு மார்க். நான் இங்க எழுதின முதல் சோசியாலஜி கட்டுரையும் அப்படித்தான், மூணு பக்கம், தலைப்புக்கு அடிக்கோடு, எல்லா தியரியும் கரெக்டு. பேப்பர் திரும்பி வந்தப்போ பாதி மார்க் கூட இல்ல. ஒவ்வொரு பாராவுக்குப் பக்கத்துலயும் பச்சை இங்க்ல "ஸோ வாட்?" (அதனால என்ன?)னு டீச்சர் எழுதியிருந்தாங்க, அஞ்சு இடத்துல. அன்னைக்கு ராத்திரி அழுதேன், ஆனா அந்த ரெண்டு வார்த்தைக்கு பதில் எழுதக் கத்துக்கிட்டதுதான் எனக்கு ரெண்டு வருஷப் படிப்பே.

ஏன்னா மார்க்கை பிரிக்கிற விதமே அப்படி. ஏஓ (அசெஸ்மென்ட் அப்ஜெக்டிவ்)னு மூணு திறமையா பிரிச்சு மார்க் போடுவாங்க, ஏஓ1னா தெரிஞ்சதை சொல்றது, ஏஓ2னா அதை கேட்ட கேள்விக்கு பொருத்துறது, ஏஓ3னா அலசி எடைபோடுறது. ஏக்யூஏங்கிற தேர்வு போர்டு நடத்துற சோசியாலஜில 30 மார்க் கட்டுரைல ஏஓ1க்கு 12 தான், மிச்சம் 18 மார்க் மத்த ரெண்டுக்கும் போகுது. நீங்க உருப்போட்டது எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்த 12ஐ தாண்டாது.

ஒரு பாரா எப்படி இருக்கணும்னு காட்டுறேன். டீச்சர் ஒரு பிள்ளைக்கு குத்துற முத்திரை (இவன் தேறுவான், இவன் தேற மாட்டான்ங்கிற மாதிரி) அவனோட படிப்பை பாதிக்குமான்னு கேள்வின்னு வைங்க. ரோசந்தால், ஜேக்கப்சன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1968ல வெளியிட்ட ஆய்வு இந்தப் பாடத்துல ரொம்பப் பிரபலம், கலிஃபோர்னியால ஒரு ஆரம்பப் பள்ளில சும்மா குலுக்கல் மாதிரி 20 சதவீதம் பிள்ளைங்களை எடுத்து, இவங்க சீக்கிரமே படிப்புல நல்லா முன்னேறுவாங்கன்னு டீச்சர்ங்ககிட்ட சொல்லி வெச்சாங்க, திரும்பப் போய் பார்த்தா அந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் மத்தவங்களை விட முன்னேறியிருந்தாங்க. இதோட நிறுத்தினா ஏஓ1. "அப்போ டீச்சரோட நம்பிக்கையே பிள்ளை மேல காட்டுற அக்கறையை மாத்தி, கடைசில ரிசல்ட்டையும் மாத்துது"ன்னு கேள்வியோட முடிச்சுப் போட்டா ஏஓ2. அப்புறம் மேரி ஃபுல்லர்ங்கிற சோசியாலஜிஸ்ட் 1984ல எழுதினதை கொண்டு வாங்க. லண்டன் ஸ்கூல் ஒண்ணுல படிச்ச கறுப்பினப் பொண்ணுங்க, தங்க மேல குத்துன முத்திரையை ஏத்துக்காம, வீம்புக்கே படிச்சு ஜெயிச்சாங்க. "அதனால முத்திரை விழுந்தாலே பிள்ளை அப்படித்தான் ஆகும்னு சொல்ல முடியாது, அவங்க அதுக்கு எப்படி பதில் கொடுக்கிறாங்கங்கிறதும் இருக்கு"ன்னு எழுதுங்க, அதுதான் ஏஓ3. இந்த எடைபோடுறதை ஒவ்வொரு பாராவுலயும் செய்யணும், எல்லாத்தையும் சேர்த்து கடைசி பாராவுல கொட்டுறது நம்ம பிள்ளைங்க நிறைய பேர் பண்ற தப்பு.

நேரக் கணக்கும் மனசுல ஏறணும். ஏக்யூஏல சோசியாலஜி மூணு பேப்பர், ஒவ்வொண்ணும் 2 மணி நேரம், 80 மார்க், அதாவது ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிஷம், 30 மார்க்குக்கு 45 நிமிஷம். சைக்காலஜில அதே 2 மணி நேரத்துக்கு 96 மார்க், 16 மார்க் கட்டுரைக்கு 20 நிமிஷம்தான் கிடைக்கும். வீட்ல எழுதிப் பார்க்கும்போதே போன்ல டைமர் வெச்சுக்கோங்க. சோசியாலஜில சில கேள்வியோட குட்டியா ஒரு பத்தி கொடுப்பாங்க, அதுக்குப் பேரு ஐட்டம், அதை படிக்காம தாண்டாதீங்க, ஐட்டத்தோட வர்ற 10 மார்க் கேள்விக்கு வேணுங்கிற ரெண்டு பாயிண்டுக்கும் முனை அதுக்குள்ளயே இருக்கும். நான் ஹைலைட்டரோட தான் போவேன்.

சைக்காலஜி ஈஸின்னு நினைச்சு எடுக்காதீங்க, இதை அழுத்திச் சொல்றேன். மொத்த மார்க்குல குறைஞ்சது 10 சதவீதம் கணக்கு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு)னா என்னன்னு தெரியணும், சைன் டெஸ்ட்ங்கிற புள்ளியியல் சோதனை போடத் தெரியணும், நரம்பு செல் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பயாலஜியும் வரும். ரிசர்ச் மெத்தட்ஸ் (ஆய்வை எப்படி நடத்துறது)ங்கிற பகுதிதான் போரடிக்குதுன்னு எல்லாரும் ஒதுக்குவாங்க, மார்க்ல கிட்டத்தட்ட கால் பங்குக்கு மேல அங்கதான் இருக்கு. மேலே இருக்கிறவங்க சொன்னா இன்னொருத்தருக்கு ஷாக் கொடுப்பாங்களான்னு பார்க்க, நிஜ ஷாக் இல்லாமலே 40 ஆம்பளைங்களை வெச்சு மில்கிராம்ங்கிற சைக்காலஜிஸ்ட் பண்ணி 1963ல வெளியிட்ட ஆய்வுல 65 சதவீதம் பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்கன்னு மட்டும் ஞாபகம் வெச்சா பத்தாது, நிஜமாவே ஷாக் போகுதுன்னு அவங்க நம்பினாங்களா, பொம்பளைங்களே இல்லாத ஆய்வை எல்லாருக்கும் பொருத்தலாமான்னு கேக்கத் தெரியணும்.

எகனாமிக்ஸை டிகிரிக்கும் எடுக்கிற எண்ணம் இருந்தா ஏ லெவல் மேத்ஸையும் சேர்த்து எடுங்க, எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்), கேம்பிரிட்ஜ் ரெண்டுமே அது இல்லாம சேர்க்க மாட்டாங்க. லா (சட்டம்) டிகிரிக்கு அப்படி குறிப்பா ஒரு சப்ஜெக்ட் தேவையில்ல, சோசியாலஜி எடுத்துட்டு தாராளமா போகலாம், இதை வீட்ல பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க.

எனக்கு இங்கிலீஷ்ல யோசிக்கவே தடுமாறும். அதனால ஒரு வழி பண்ணினேன், அன்னன்னைக்கு படிச்ச தியரியை ராத்திரி அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லுவேன். பள்ளிக்கூடம் பிள்ளைங்களை முதலாளிக்கு அடங்கி நடக்கத்தான் பழக்குதுன்னு போல்ஸ், ஜின்டிஸ்னு ரெண்டு மார்க்சிய ஆய்வாளர்கள் சொன்னதை சொன்னப்போ அம்மா கையை நிறுத்திட்டு, "அப்படின்னா அடங்காத பிள்ளைங்க எங்கிருந்து வருது?"ன்னாங்க. பால் வில்லிஸ்ங்கிற ஆய்வாளர் 1977ல வந்த புத்தகத்துல அதே கேள்வியைத்தான் 12 தொழிலாளி வீட்டுப் பசங்களை வெச்சு கேட்டிருக்காரு! அந்தப் பாராவை நான் இன்னைக்கும் மறக்கல. தமிழ்ல விளங்கிட்டா இங்கிலீஷ்ல எழுதுறதுக்கு வெறும் வார்த்தைதான் வேணும், அதுக்கு ஒரு குட்டி நோட்டு போட்டு தினம் அஞ்சு கலைச்சொல் எழுதிக்கிட்டா போதும்.

காலேஜ்ல நடுநடுவுல ஃப்ரீ பீரியட் வரும், யாரும் எங்க போறேன்னு கேக்க மாட்டாங்க, அந்த சுதந்திரத்துல தான் முதல் டெர்ம் நிறைய பேருக்கு கரைஞ்சு போகுது. க்ளாஸ் முடிஞ்ச அன்னைக்கே ஒரு தியரிக்கு ஒரு கார்டு எழுதுங்க: யாரு, எந்த வருஷம், என்ன சொன்னாரு, யாரு மறுத்தாங்க. பரீட்சை எல்லாம் ரெண்டாவது வருஷ முடிவுல மே, ஜூன்லதான், அது வரைக்கும் இந்த கார்டுதான் உங்களுக்கு சொத்து. போர்டோட வெப்சைட்ல சிலபஸ், பழைய கேள்வித்தாள், மார்க் ஸ்கீம் எல்லாம் இலவசமா இருக்கு, மார்க் ஸ்கீமை பாடப்புத்தகம் மாதிரி படிங்க. உங்க பேட்சுக்கு எந்த போர்டு, எந்த சிலபஸ்னு முதல் வாரமே டீச்சர்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

இயர் 12 கடைசில வர்ற மாக் (மாதிரி) பரீட்சையை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க ப்ளீஸ். யூகாஸ்ங்கிற யுனிவர்சிட்டி அப்ளிகேஷன்ல டீச்சர் போடுற ப்ரெடிக்டட் கிரேடுக்கு (நீங்க வாங்குவீங்கன்னு அவங்க கணிக்கிற கிரேடு) பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பாங்க. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் நடுவுலயே அப்ளிகேஷன் போயாகணும், அதனால இயர் 13 வந்தப்புறம் ஏத்திக்கலாம்னு நினைச்சா நேரமே இருக்காது. மாக் சரியா வரலன்னா அந்த வாரமே டீச்சரைப் போய்ப் பாருங்க, இன்னொரு கட்டுரை எழுதித் தரவான்னு கேளுங்க. நான் அப்படிக் கேட்டு கோடை லீவுக்கு முன்னாடி மூணு கட்டுரை எழுதிக் கொடுத்தேன், மூணாவதுல ஒரு "ஸோ வாட்?" கூட இல்ல.