வாயு உணரிக்குத் துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகள்: வளர்ப்பதும் சோதிப்பதும்

துத்தநாக ஆக்சைடு நானோ தண்டுகளை வளர்க்க வெற்றிடக் கருவி எதுவும் வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள போரோசிலிகேட் பாட்டில், 90 டிகிரி செல்சியஸில் ஆடாமல் நிற்கும் ஓவன், 500 டிகிரி தொடும் மஃபிள் உலை (மூடிய மின் உலை), நல்ல தராசு போதும். வளர்ப்பு எளிது. வளர்ந்ததிலிருந்து நம்பகமான அளவீடு எடுப்பதில்தான் பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது.

1962இல் ஜப்பானில் செய்யாமா குழுவினர் சூடான துத்தநாக ஆக்சைடு படலத்தில் கண்ட அதே விஷயம்தான் இங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எத்தனால் போன்ற ஒடுக்கும் வாயு வந்தால் அந்த ஆக்சிஜன் தீர்ந்து, எலக்ட்ரான்கள் திரும்பி, மின்தடை இறங்கும். நைட்ரஜன் டையாக்சைடுக்கு நேர் எதிர், தடை இன்னும் ஏறும். தண்டு மெலிதாக இருந்தால் மேற்பரப்பில் நடப்பது அதன் நடுப்பகுதி வரை எட்டும்.

தளத்துக்கு, சீப்புப் பற்கள்போல் கோத்த மின்முனை அச்சிட்ட அலுமினா சில்லு எடுங்கள். சாதாரணக் கண்ணாடி வேண்டாம், 500 டிகிரியில் வளைய ஆரம்பித்துவிடும். மின்முனை தங்கப் பசையில் அச்சிட்டதாகவோ பிளாட்டினமாகவோ இருக்கட்டும். குரோமியத்தின் மேல் படியவைத்த மெல்லிய தங்கம் இந்தச் சூட்டில் கெட்டுப்போகும், அடியிலுள்ள குரோமியம் மேலே ஏறிவிடும். அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய நீர் என்ற வரிசையில் மீயொலித் தொட்டியில் பத்துப் பத்து நிமிடம் கழுவுங்கள்.

அடுத்தது விதைப் படலம், அதாவது தண்டுகள் முளைக்கத் தொடங்கும் மெல்லிய துத்தநாக ஆக்சைடு அடுக்கு. இதில் கை வைத்து அவசரப்படுத்தினால் மீதி எல்லாம் வீண். 55 மில்லிகிராம் துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட்டை 50 மில்லி எத்தனாலில் கரைத்தால் 5 மில்லிமோலார் கிடைக்கும். எளிதில் கரையாது, இளஞ்சூட்டில் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு சொட்டை மின்முனைப் பகுதியில் விட்டு, பத்து விநாடி கழித்து எத்தனாலால் அலசி, காற்றூதி உலர்த்துங்கள். இப்படி ஐந்து முறை. பிறகு 350 டிகிரியில் 20 நிமிடம். இந்தச் சுற்று முழுவதையும் இன்னொரு முறை செய்யுங்கள். அலசாமல் சொட்டை அப்படியே காயவிட்டால் ஓரத்தில் வளையமாகத் தடித்துப் படியும். வளர்ச்சிக்குப் பின் அந்த வளையம்தான் முதலில் உரியும்.

வளர்ப்புக் கரைசலுக்கு 100 மில்லி அயனி நீக்கிய நீரில் துத்தநாக நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.744 கிராம், ஹெக்சமின் 0.351 கிராம். இரண்டும் 25 மில்லிமோலார். தனித்தனியே 50 மில்லியில் கரைத்துக் கலப்பது நல்லது. துத்தநாக நைட்ரேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். டப்பாவில் படிகங்கள் ஈரச் சர்க்கரைபோல் ஒட்டிக் கிடந்தால் நீங்கள் எடை போடுவதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர், புதிய டப்பா திறங்கள்.

சில்லை விதைத்த முகம் கீழே பார்க்கும்படி, அடியைத் தொடாமல் டெஃப்லான் பிடியில் தொங்கவிட்டு 90 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். ஓவன் காட்டும் எண் பாட்டிலுக்குள் இருக்கும் நீரின் வெப்பம் அல்ல, நீர் சூடேறிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள். தெளிவாக இருந்த கரைசல் கஞ்சித்தண்ணீர்போல் கலங்கும். அது கரைசலுக்குள்ளேயே உருவாகும் ஆக்சைடுத் துகள். முகம் மேலே பார்த்திருந்தால் அத்தனையும் தண்டுகளின் மேல் வந்து விழும். நீளமான தண்டு வேண்டுமென்றால் நேரத்தை நீட்டாதீர்கள், கரைசலைப் புதிதாக மாற்றுங்கள். துத்தநாகம் தீர்ந்த கரைசலில் வளர்ச்சி நின்றுவிடும். ஹெக்சமின் சிதைந்து அம்மோனியாவும் ஃபார்மால்டிஹைடும் வரும், பாட்டிலை ஃப்யூம் ஹூட்டில் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) மட்டும் திறங்கள்.

சூட்டோடு சில்லை வெளியே எடுத்து, அயனி நீக்கிய நீரில் நன்றாக அலசி, உலர்த்தி, நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றத்தில் 500 டிகிரிக்குக் கொண்டுபோய் 2 மணி நேரம் வையுங்கள். சாய்த்துப் பார்த்தால் மூச்சு விட்ட கண்ணாடிபோல் சீரான வெண்மை தெரியவேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் விதையில் கோளாறு. அலுமினா சொரசொரப்பானது என்பதால் தண்டுகள் கண்டபடி சாய்ந்து நிற்கும், கவலை வேண்டாம். செங்குத்து வரிசை நுண்ணோக்கிப் படத்துக்கு அழகு. மின்னோட்டத்துக்குத் தேவை ஒன்றையொன்று தொடும் தண்டுகள்.

கம்பி இணைக்க ஈயப்பற்று உதவாது, 60/40 வெள்ளீய-ஈயக் கலவை 190 டிகிரிக்குள் உருகிவிடும். வெள்ளி எப்பாக்ஸியும் கருகும். தங்கப் பசை வைத்துச் சுடுங்கள், அல்லது ஸ்பிரிங் ஊசியால் அழுத்துங்கள். பிறகு 350 டிகிரியில், சுத்தமான காற்றில், 48 மணி நேரம் ஓடவிடுங்கள். அடிக்கோடு, அதாவது சுத்தமான காற்றில் காட்டும் மதிப்பு, இறங்கிக்கொண்டே இருக்கும்போது எடுத்த அளவீட்டை நம்ப முடியாது.

5 வோல்ட், உணரியோடு தொடரில் ஒரு சுமைத் தடை, அதன் குறுக்கே மல்டிமீட்டர் என்பது வழக்கமான இணைப்பு. பல மல்டிமீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். நீங்களும் 10 மெகா ஓம் சுமை போட்டால் உண்மையில் இருப்பது 5 மெகா ஓம், கணக்கு அங்கேயே பிசகும். சுமையை 1 மெகா ஓமுக்கு மேல் ஏற்றாதீர்கள், அல்லது எலக்ட்ரோமீட்டர் பயன்படுத்துங்கள்.

10 லிட்டர் மூடிய அறையில், 25 டிகிரியில், 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) எத்தனாலுக்கு 2.4 மைக்ரோலிட்டர் திரவம் வேண்டும். உள்ளே சிறு சூடுதட்டில் சொட்டி, விசிறியால் கலக்குங்கள். காற்றில் உள்ள தடையை வாயுவில் உள்ள தடையால் வகுத்தால் உணர்திறன் கிடைக்கும். ஆனால் இந்த அமைப்பில் எடுக்கும் மறுமொழி நேரத்தில் திரவம் ஆவியாகும் நேரமும் சேர்ந்திருக்கும், அதை உணரியின் வேகம் என்று எழுதாதீர்கள்.

அறையின் இடுக்குகளைச் சிலிகோன் பசையால் அடைக்கவே கூடாது. அதன் ஆவி சூடான தண்டுகளில் சிலிக்காவாகப் படிந்து உணர்திறனைக் கொன்றுவிடும், திரும்பாது. டெஃப்லான் நாடா போதும். எதுவும் செலுத்தாமலே தடை திடீரென்று சரிந்தால் பக்கத்து மேசையில் யாராவது ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒருமுறை எத்தனாலுக்குப் பதில் அதே 2.4 மைக்ரோலிட்டர் தண்ணீரைச் சொட்டிப் பாருங்கள். அதற்கு வரும் மாற்றத்தையும் பதிவு செய்யுங்கள்.