முள்முருங்கைக் கம்பை வெட்டியதும் நடாதீர்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகுக்கொடி ஏற்ற முள்முருங்கை நடுபவர்கள், மார்ச், ஏப்ரலிலேயே கம்பை வெட்டி நிழலில் அடுக்கி வையுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் நடுங்கள். பச்சைக் கம்பில் நீர் அதிகம். வெட்டிய கையோடு ஈரமண்ணில் ஊன்றினால் வேர் விடுவதற்குள் அடி அழுகிவிடும். நிழலில் கிடந்தால் வெட்டுவாய் காய்ந்து இறுகும். மே மாதம் முள்ளுக்கு நடுவே பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கும். அப்புறம் துளிர்த்த கம்புக்கு மட்டும் குழி வெட்டினால் போதும், கூலி மிச்சம்.

இலையும் காம்பும் முண்டுமுண்டாக வீங்கிய மரத்தில் தயவுசெய்து கம்பு எடுக்காதீர்கள், அது சின்னக் குளவி ஒன்றின் தாக்குதல். மிளகுக்கொடி ஏற்ற நடும் இன்னொரு மரமான சில்வர் ஓக்குக்கு இந்த முறை ஆகாது. அதை விதை போட்டு நாற்றாகத்தான் வளர்க்க வேண்டும்.